அக்கா நாற்காலிக்கு நாலு ஜோடி கைடு

பேண்ட்சா மிஷினுக்கு எந்தக் கைடு நல்லது என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் நான் வாயைத் திறப்பதில்லை. போன வருஷம் ஐப்பசி வரைக்கும் கேட்டிருந்தால் கதையே வேறு. ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். கேட்டவர் எழுந்து ஓடிவிடாமல் இருக்க டீயும் நானே வாங்கிக் கொடுத்திருப்பேன். கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். திண்டிவனத்தில் மேம்பாலத்துக்குக் கீழே பஸ்ஸுக்கு நின்ற ஒரு வாத்தியாரிடம் பித்தளைக் கட்டைக்கும் பேரிங்குக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கி, அவர் ஏற வேண்டிய பஸ்ஸைத் தவற வைத்தவன் நான். அவர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் ரோட்டின் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்.

திண்டிவனத்தில் எனக்கு ஒரு மரப்பட்டறை இருக்கிறது. எம்.ஏ. படித்தவன் மரம் அறுக்கலாமா என்று கேட்ட சொந்தக்காரர்கள் எல்லாரும் பிறகு என்னிடம்தான் கதவு ஜன்னல் செய்துகொண்டார்கள், சொந்தக்காரன் விலைக்கு. பட்டறையில் என் பெருமை அந்த பேண்ட்சாதான். பாண்டிச்சேரியில் மூடிப்போன ஒரு மரவாடியிலிருந்து வாங்கி வந்தது. மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டுக்கும் விளிம்பில் ரப்பர் பட்டை. அந்த ரப்பரின் மேல் பெல்ட் மாதிரி மாட்டியிருக்கும் பல் வைத்த இரும்பு நாடாதான் பிளேடு. அது நடுவில் உள்ள மேசை வழியாக இறங்கி ஓடும். மரத்தைக் கொடுத்துத் திருப்பினால் எப்படி வேண்டுமானாலும் வளைத்து அறுக்கலாம்.

அப்படித் திருப்பும்போது பிளேடு இடமும் வலமும் நெளியாமல் இருக்க இரண்டு பக்கமும் ஒரு ஜோடி கட்டை நிற்கும். அதுதான் கைடு. பிளேடுக்கும் அதற்கும் நடுவில் ஒரு தாள் நுழைகிற இடைவெளி இருக்க வேண்டும். கல்யாண மேடையில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கிற மச்சான் மாதிரி, ஒட்டவும் கூடாது, விலகிப் போகவும் கூடாது. என் மிஷினில் இருந்தவை எண்ணெயில் ஊறப்போட்ட வைரம் பாய்ந்த மரக்கட்டைகள். எந்தக் காலத்திலோ யாரோ செதுக்கி வைத்தவை. கறுத்துப் போய், பார்ப்பதற்கு ரொம்பக் கேவலமாக இருந்தன. வேலை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தன என்பதை அப்போது நான் ஒரு தகுதியாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது அக்காவைச் சொல்ல வேண்டும். விழுப்புரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டிபன் கடை வைத்திருக்கிறாள். மாமா போனதிலிருந்து பதினெட்டு வருஷமாகத் தனி ஆளாகத் தோசைக்கல் முன்னால் நின்றவள். காலையில் ஐந்து மணிக்கு நின்றால் பதினொன்றுக்குத்தான் உட்காருவாள். அவளுடைய மல்லாட்டைச் சட்னிக்காகவே, வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர், மெட்ராஸ் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போகிறவர்கள் உண்டு. சர்க்கரை இருந்தது. காலில் வந்த புண்ணை ஒரு மாதம் யாருக்கும் காட்டாமல் மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு தோசை ஊற்றியிருக்கிறாள். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது காலைக் காப்பாற்றும் கட்டம் தாண்டிவிட்டிருந்தது. ஆளைக் காப்பாற்றினார்கள். ஆவணியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு முறை போய்ப் பார்த்தேன். போர்வை போர்த்தியிருந்தது. அதற்குப் பிறகு நான் போகவில்லை. ஏன் என்று கேட்டால் பட்டறையில் வேலை, வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி பிறந்ததும் அக்காவின் மகன், என் மருமகன், ஒரு முடிவோடு வந்தான். மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறவன், டை கட்டுகிறவன், நல்ல பையன்தான். அம்மாவால் இனி நிற்க முடியாது, அதனால் கடையைக் கார்த்திகை ஒன்றாம் தேதியிலிருந்து செல்போன் கவர் விற்கிற ஒருவருக்கு விடப்போகிறேன் என்றான். அக்கா சண்டை போடவில்லை. எனக்குப் போன் போட்டாள்.

"தோசைக்கல்லு ஒசரத்துக்கு ஒக்காந்துகினு ஊத்துறாப்பல ஒரு நாற்காலி பண்ணிக் குடுடா. ஒண்ணாம் தேதி காலைல நான் ஊத்திட்டேன்னா கட என்னுது. ஊத்த முடியலன்னா அவன் செல்போனு கவரு வித்துக்கட்டும். நானும் மகனும் பேசி முடிச்சிட்டோம்."

சரிக்கா என்றேன். இருபத்தொன்பது நாள் இருந்தது. ஒரு நாற்காலிக்கு எனக்கு மூன்று நாள் போதும். அந்தத் திமிர்தான் பிறகு வேலையைக் காட்டியது.

நாற்காலி சும்மா கடையில் வாங்குகிற நாற்காலி கிடையாது. பிளாஸ்டிக் நாற்காலி குள்ளம், அதுவும் அக்கா கடையின் வழவழத் தரையில் சறுக்கும். அக்கா மாவை ஊற்றிவிட்டுக் கல்லின் மறுபக்கம் வரைக்கும் சாய்வாள், சாய்ந்தால் விழக் கூடாது. அதனால் முதுகையும் இடுப்பையும் சேர்த்து அணைத்தாற்போல, மூன்றங்குலக் கனத்தில் வளைந்த இரண்டு கைகள் வேண்டும். உட்காரும் பலகையில் எடுத்த கால் இருக்கிற பக்கம் முன்விளிம்பை அரைவட்டமாக வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் பலகை ஓரம் புண் ஆறின இடத்தில் அழுத்தும் என்று ஆஸ்பத்திரியில் நடைப் பயிற்சி கொடுக்கிற அம்மா சொல்லியிருந்தார்களாம். அளவை மருமகன் போனிலேயே சொன்னான். அவனும் அக்காவும் சேர்ந்து எடுத்த ஒரு செல்ஃபியும் அனுப்பினான். எந்தப் பக்கம் என்று அதில் பார்த்துக்கொண்டு பலகையில் கோடு போட்டேன். திருவாமாத்தூர்ப் பக்கம் ஒரு விவசாயி வரப்பில் நின்ற பூவரசை வெட்டியிருந்தார், அருமையான காய்ந்த பலகைகள் என்னிடம் இருந்தன. கைக்கு நாலு பலகை, உட்காருவதற்கு ஒன்று. எல்லாம் தயார்.

முதல் கையை அறுத்தேன். பிளேடு என் கோட்டை மதிக்கவே இல்லை. மிஷின் தடதடவென்று உதறியது, அறுத்த இடம் படிக்கட்டு மாதிரி இருந்தது. இன்னொரு பலகையை எடுத்தேன். அதுவும் போச்சு. ஆயுத பூஜைக்கு முன்னால் வரைக்கும் வெண்ணெயை வெட்டுகிறாற்போல் வெட்டிய மிஷின் இது. மிச்சம் இரண்டே பலகை. இன்னொன்று போனால் ஒரு கைதான் மிஞ்சும்.

கைடுதான் காரணம் என்று அந்த நிமிஷமே தீர்மானித்தேன். வேறு எதையும் பார்க்கவில்லை. பிளேடு நெளிந்தால் கைடுதானே. அந்தக் கறுத்த மரக்கட்டைகளைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் வந்தது.

மரவேலைக்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. நானும் அதில் ஒரு பெரிய மனிதன். அதில் கேட்டேன். அங்கே மரத்தை அறுக்கிறவர்கள் கொஞ்சம், மற்றவர்களை அறுக்கிறவர்கள் அதிகம். மரக்கட்டைக் கைடா, இந்தக் காலத்திலா என்று ஒருவர் சிரிப்புப் பொம்மை போட்டார். ஃபைபர் போடுங்கள் என்றார் அவரே. ஃபைபர் சூட்டில் கருகும், பித்தளைதான் என்றார் இன்னொருவர். பித்தளையா, பல்லைத் தின்றுவிடும், பேரிங் ஒன்றே வழி என்றார் மூன்றாமவர். நாலாவது ஆள் வெறுமனே காலை வணக்கமும் ரோஜாப்பூவும் அனுப்பினார். இன்று யோசித்தால் அந்த நாலு பேரில் அவர்தான் எனக்கு உருப்படியான யோசனை சொன்னவர்.

விழுப்புரத்தில் மிஷின் சாமான் விற்கிற கடை ஒன்று உண்டு. அந்தக் கடைக்குப் பின்னால் தெருவில்தான் அக்கா வீடு. கடை வாசலிலிருந்து பார்த்தால் அவள் வீட்டு மாடியில் காய்கிற புடவை தெரியும். இதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்தேன் என்று ஆகக் கூடாது.

கடைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஃபைபர் கட்டை கேட்டேன். ரெண்டு தலைமுறைக்கு வரும் சார் என்று எடுத்துக் கொடுத்தார். பார்சல் கையில் இருக்கிறது, எண்ணெய்க் கை, இப்படியேவா ஒரு நோயாளியைப் பார்க்கப் போவது என்று யோசித்து நேராகப் பஸ் ஏறினேன். வந்து மாட்டினேன். ஒரு கழிவுப் பலகையில் ஓட்டிப் பார்த்தேன். அதே தடதட.

இரண்டாவது முறை போனபோது அதே கடைக்காரர், ஃபைபரை யார் சார் ஒங்களுக்குச் சொன்னது, அதெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம் என்றார். யார் கொடுத்தது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பித்தளை வாங்கினேன். அன்றைக்குத் தீபாவளிக் கூட்டம். கடை இருக்கிற நேரு வீதியில் நுழைய முடியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நுழைய முடியாத கூட்டத்தில் நுழைந்து பித்தளை வாங்கியவனும் நான்தான்.

மூன்றாவது பேரிங். அதற்குக் கடைக்காரர் சொன்ன விளக்கம் இருக்கிறதே, பேரிங் சுத்தும், பிளேடும் சுத்தும், ரெண்டும் சேந்து சுத்துறதால சண்டை இல்ல சார் என்று ஒரு குடும்ப ஆலோசகர் மாதிரி பேசினார். அன்றைக்கு மழை. மழை நியாயமான காரணம் என்று நினைத்தேன். அந்த மழையில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நனைந்துகொண்டேதான் போனேன். அக்கா வீடு பஸ் ஸ்டாண்டைவிடக் கிட்ட.

என் மனைவி இதற்குள் இரண்டு முறை போய் அக்காவைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். கேப்பை அடை சுட்டு எடுத்துக்கொண்டு போனாள். நான் அவளிடம் அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்பேன். நல்லாத்தான் இருக்காங்க, நீங்க ஒரு நடை போய்ட்டு வாங்க என்பாள். வெள்ளிக்கிழமை போறேன் என்பேன். மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டேன். அவளும் எதுவும் சொல்ல மாட்டாள். ஆனால் ஒருநாள் சோற்றைப் போட்டுக்கொண்டே, விழுப்புரத்துக்குக் கைடு வாங்க மட்டும் எத்தினி வாட்டி போவீங்க என்று கேட்டாள். தொழில் தெரியாதவர்கள் பேசுவது என்று விட்டுவிட்டேன்.

பேரிங் மாட்டியும் தடதட அடங்காததால் கடைக்காரரையே ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வரவழைத்தேன். மனிதர் ஸ்பானரோடு வந்தார். மிஷினைச் சுற்றி வந்தார். மேல் மூடியைத் திறந்தார். சக்கரத்தின் ரப்பரில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டுகள் அழகாக, மேலே குங்குமத்தோடு, வைத்த அன்று இருந்தாற்போல் அப்படியே இருந்தன. கடைக்காரர் பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பூஜையெல்லாம் நல்லா பண்ணியிருக்கீங்க சார் என்றார். மூடியை மூடினார். பேரிங்கைக் கழற்றச் சொல்லிவிட்டு, செராமிக்தான் சார் இதுக்கு ஒரே தீர்வு என்றார்.

அந்தப் பொட்டைப் பற்றி எனக்கு ஒரு தனிப் பெருமை இருந்தது. எங்கள் பட்டறையில் பூஜைக்கு எல்லா மிஷினுக்கும் பொட்டு வைப்போம், வைத்ததைத் துடைக்க மாட்டோம், அதுவாக உதிர வேண்டும். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பேண்ட்சா சக்கரத்து ரப்பரில் வைத்த சந்தனம் இரண்டே நாளில் பொடியாக உதிர்ந்துவிட்டது. அந்த வாரமே ஒரு பெரிய ஆர்டர் கை நழுவிப் போனது. பொட்டு நிக்கலீங்க, அதான் என்றாள் மனைவி. எனக்கும் சுருக்கென்றது. அதனால் இந்த முறை பிளேடைக் கழற்றிவிட்டு ரப்பரை நன்றாகத் துடைத்து, சந்தனத் தூளில் தண்ணீருக்குப் பதிலாக மரப்பசை ஊற்றிக் குழைத்தேன். மேல் சக்கரத்தில் மூன்று, கீழ்ச் சக்கரத்தில் மூன்று, ஒவ்வொன்றும் ஒரு ரூபாய்க் காசளவு, நல்ல தடிமனாக. எது ஓடுகிறதோ அதில்தான் சாமி இருக்கணும் என்று ஒரு வியாக்கியானமும் சொல்லிக்கொண்டே வைத்தேன். எம்.ஏ. படித்தவன் இல்லையா.

நாலாவது ஜோடி, செராமிக், சென்னையிலிருந்து கடைக்கு வந்து சேர்ந்தபோது கார்த்திகைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. வாங்கப் போனேன். கடை வாசலில் நின்றேன். அக்கா வீட்டு மாடியில் அவளுடைய பச்சைப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. பார்சலை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். காரணம் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை அன்றைக்கு. தீர்ந்துவிட்டிருந்தன.

செராமிக்கும் மாட்டினேன். இருந்த தடதட அப்படியே இருந்தது, செராமிக்கில் இன்னும் கணீரென்று கேட்டது. அன்று சாயங்காலம் மருமகன் போன் பண்ணி, மாமா ஆவாதுன்னா சொல்லிடுங்க, செல்போன் கவர்க்காரரு அட்வான்ஸோட நிக்கிறாரு, பேஜாரா இருக்குது என்றான். நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் நான் சொல்வதற்கு முன்னால் பட்டறை வாசலில் கார் வந்து நின்றது. மருமகன் இறங்கி வாக்கரைப் பிரித்து வைத்தான். அக்கா இறங்கினாள். வாக்கரைப் பிடித்துத் தத்தித் தத்தி, மரத்தூளில் அது சறுக்காமல் பார்த்துப் பார்த்து உள்ளே வந்தாள். புடவை தரை வரைக்கும் தொங்கியது. நான் அவள் முகத்தை மட்டும் பார்த்தேன். மெலிந்திருந்தாள். ஒரு நாற்காலியை இழுத்து மிஷினுக்குப் பக்கத்தில் போட்டேன், உட்கார்ந்தாள்.

நாலு ஜோடி கைடையும் மேசை மேல் வரிசையாக வைத்து, நகைக்கடைக்காரன் மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி விளக்க ஆரம்பித்தேன். இது சூடு தாங்கும், இது சுழலும், இது தேயாது. அக்கா பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, மிஷின் உதறுவதைக் காட்டு என்றாள். ஓட்டினேன். உதறியது. நிறுத்தச் சொன்னாள். கையால மெதுவா சுத்து என்றாள். சுற்றினேன். சக்கரத்தின் சில இடங்கள் வரும்போதெல்லாம் பிளேடு லேசாக எகிறி எகிறி விழுந்தது.

அது பிளேடு ஜாயின்ட்டு, அக்கா என்று சொன்னேன். இரண்டு நுனியையும் சேர்த்து ஒட்டிய இடம் எல்லா பிளேடிலும் கொஞ்சம் தட்டத்தான் செய்யும்.

"எத்தினி ஜாயின்ட்டு கீது இதுல?"

"ஒண்ணுதான்."

"சக்கரம் ஒருவாட்டி சுத்தறதுக்குள்ள அஞ்சாறு வாட்டி தூக்கிப் போடுதேடா. கல்லுல பழைய மாவு அப்பிக்கினு இருந்தா கரண்டி இப்டிதான் துள்ளும். மூடியத் தொற."

திறந்தேன். ஆறு பொட்டும் சக்கரத்தில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தன. அக்கா கையை நீட்டிக் கீழ்ச் சக்கரத்தில் ஒன்றை நகத்தால் தட்டினாள். கல்லைத் தட்டின சத்தம் வந்தது. இது இன்னா என்றாள். சந்தனம் என்றேன். சந்தனம் ஏன்டா கல்லு மாதிரி இருக்குது என்றாள். பசை கலந்ததைச் சொன்னேன். மரத்தூளையும் பசையையும் கலந்தால் மரத்தில் ஓட்டை அடைக்கிற புட்டி ஆகும் என்பது இருபது வருஷமாக என் தொழில். அதைத்தான் நான் சக்கரத்தில் ஆறு இடத்தில் மேடாக அப்பி, குங்குமம் வைத்து, கும்பிட்டு, அதன் மேல் பிளேடை ஓட்டியிருக்கிறேன். தினமும் மூடியைத் திறந்து பிளேடு மாற்றியவனும் நான்தான். பொட்டைப் பார்த்தேன், கன்னத்தில் போட்டுக்கொண்டேன், மூடினேன். கடைக்காரரும் அதையேதான் செய்தார். சாமி குற்றம் வராமல் இருக்க நாலு ஜோடி கைடின் மேல் குற்றம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அக்கா உளியைக் கேட்டாள். நான் கொடுக்கத் தயங்கினேன். சாமிக்கு வெச்சது அக்கா, அதுவா உதிரட்டும், நான் பதமா தண்ணி வெச்சி ஊற வெச்சிப் பாக்கறேன் என்று என்னவோ உளறினேன்.

"சாமி குடுத்த காலையே எடுத்துப் போட்டுட்டாங்க. நீ வெச்ச பொட்ட எடுத்தா இன்னாடா ஆயிடும்? குடு இப்டி."

கொடுத்தேன். பதினெட்டு வருஷம் தோசைக்கல் சுரண்டின கை. ரப்பரில் ஒரு கீறல் இல்லாமல் மூன்று பொட்டையும் எடுத்தாள். மேல் சக்கரம் அவளுக்கு எட்டவில்லை, அதை நான் எடுத்தேன். எனக்கு மூன்றுக்கு ஆன நேரத்தில் அவள் தண்ணீர் குடித்துவிட்டு, மகனை டீ வாங்க அனுப்பிவிட்டு, எடுத்தாச்சா ஜல்தி என்று இரண்டு முறை கேட்டாள். செராமிக்கைக் கழற்றிவிட்டு, ஒரு வீம்புக்கு, அந்தக் கறுத்த பழைய மரக்கட்டையையே திரும்ப மாட்டினேன். மிஷினைப் போட்டேன். தடதட போய், பழையபடி சீராக ஓடியது. மிச்சம் இருந்த இரண்டு பலகையையும் அறுத்தேன். கோட்டை விட்டு நூலளவும் நகரவில்லை. இரண்டு கையும் ஜோடியாக, அக்கா எதிரிலேயே, இருபது நிமிஷத்தில் முடிந்தது.

எனக்குத் தாங்க முடியாத உற்சாகம். உட்காரும் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பென்சிலால் அரைவட்டம் போட்டு வைத்திருந்த இடத்தைக் காட்டி, இங்கதாங்கா வெட்டப் போறேன், கால் அழுத்தவே அழுத்தாது, நூல் பிசகாம வெட்டறேன் பாரு என்றேன்.

அக்கா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது பக்கம் போட்டிருந்தேன். அவள் புடவையைக் கொஞ்சம் தூக்கினாள். வலது கால் முழுசாக இருந்தது. விரலில் மெட்டி கூட இருந்தது. இடது கால்தான் முழங்காலுக்குக் கீழே இல்லை.

செல்ஃபி இடத்தை வலமாகக் காட்டும் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதுவா விஷயம்?

"எந்தக் காலுன்னு கூட ஒனக்குத் தெரியல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. "மிஷின் கடைக்காரரு நேத்து வந்து பாத்துட்டுப் போனாருடா. கமலாப் பழம் வாங்கிக்கினு வந்தாரு, சக்கரக்காரிக்கு. அவருதான் சொன்னாரு, ஒங்க தம்பி நாலு வாட்டி வந்துட்டுப் போனாருன்னு."

எனக்குக் கைடு விற்றவர் போய்ப் பார்த்திருக்கிறார். நான் பார்க்கவில்லை.

"பயமா இருந்துச்சிக்கா" என்றேன்.

"எனக்கு மட்டும் இல்லியா?"

அழுதேன். மருமகன் டீ கிளாஸ்களோடு வாசலிலேயே நின்றுவிட்டான். ஐம்பத்தாறு வயதில் மரத்தூளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதது எனக்கு வெட்கமாக இல்லை, அதற்கு முந்தின இருபத்து நாலு நாள்தான் வெட்கமாக இருந்தது. எந்தக் கைடு, எந்தக் கைடு என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவரைக்கும் நாற்காலி முடியாது. நாற்காலி முடிந்தால் அதில் அவளை உட்கார வைக்க வேண்டும், வைத்தால் பார்க்க வேண்டும். என் பெரிய ஆராய்ச்சியின் லட்சணம் அதுதான்.

"அழுதது போதும். டேப்ப எட்து அளவு எடு" என்றாள்.

இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் மண்டியிட்டேன். இடது தொடையைத் தாங்கிப் பிடித்து, முழங்காலுக்குக் கீழே நாலு விரல்கடை இருந்ததை அளந்தேன். தோல் சூடாக, மெத்தென்று இருந்தது. பயந்த மாதிரி ஒன்றும் இல்லை. வலிக்குதாக்கா என்று கேட்டேன். இல்லாத வெரலுதான் அரிக்குது ராத்திரில என்றாள். மருமகன் போனில் சொன்ன அளவுக்கும் இதற்கும் முக்கால் அங்குலம் வித்தியாசம் இருந்தது.

பலகையைக் குப்புறத் திருப்பிப் போட்டேன். வலது இடதாகிவிட்டது. புது அளவில் புதுக் கோடு போட்டு வெட்டினேன்.

கார்த்திகை ஒன்றாம் தேதி விடியற்காலை நானும் மனைவியும் விழுப்புரம் போனோம். சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து நின்றிருந்தார்கள். அக்கா அந்த நாற்காலியில் உட்கார்ந்து, கல்லின் மறுகோடி வரைக்கும் சாய்ந்து சாய்ந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். நாற்காலி அசையவில்லை. நெற்றியில் வைத்தாற்போல் அதன் கையில் ஒரு சந்தனப் பொட்டு. தண்ணீரில் குழைத்ததுதான், கேட்டுத் தெரிந்துகொண்டேன். டை கட்டிய மருமகன் இலையில் சட்னி வைத்துக்கொண்டிருந்தான். முதல் பெஞ்சில் கடைக்காரர். நாலு இட்லிக்கு நடுவில் தலையைத் தூக்கி, செராமிக்கு எப்டி சார் ஓடுது என்றார். பிரமாதம் என்றேன்.

அக்கா ஒரு தோசையை எடுத்துத் தட்டில் போட்டு என்னிடம் நீட்டினாள்.

"இந்தா. இது எந்தப் பக்கம் வெந்துதுன்னு பாத்து சொல்லு. கிட்ட வந்து பாரு."

கிட்டப் போய் வாங்கிக்கொண்டேன். குனிந்த தலை நிமிராமல் தின்றேன். இரண்டு பக்கமும் நன்றாகத்தான் வெந்திருந்தது.